நிதித்துறையில் தொழிற்பழகுநர் பயிற்சி – ஒரு பார்வை

முன்னுரை

ஏட்டுக்கல்வியும் தொழிற்கல்வியும் மாணவர்க்கு இரு கண்கள் போன்றவை. ஆயினும் நம் பட்டப்படிப்புகள் நெடுங்காலமாக ஏட்டுக்கல்வியையே பெரிதும் போற்றி வந்துள்ளன. வணிகவியலில் முதல் வகுப்பில் தேறிய மாணவர், ஒரு வங்கிக் கிளையில் கடன் விண்ணப்பம் எவ்வாறு ஆராயப்படுகிறது என்பதை அறியாமலேயே பட்டம் பெற்றுவிடுகிறார். இக்குறையைக் களைய வந்ததே தொழிற்பழகுநர் பயிற்சி. நிதித்துறையில் அப்பயிற்சி விருதுநகர், சிவகாசி வட்டார மாணவர்க்கு எவ்வகையில் பயன்படும், அதன் எல்லை யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வட்டார மரபு

தொழிலிடத்தில் கற்றல் இம்மண்ணுக்குப் புதிதன்று. பருப்பும் எண்ணெயும் மிளகாய் வற்றலும் விற்ற விருதுநகர்க் கடைகளில், சரக்கு எடைபோடப் பழகிய இளைஞரே பின்னர் நாள்வழிச் சிட்டை எழுதினர்; நம்பிக்கை பெற்ற பின்னரே பேரேட்டைத் தொட்டனர். வணிகர்கள் தமக்குள் விதித்துக்கொண்ட மகமையும் கணக்கில் ஏறியது. அந்நிதி பள்ளிகளை வளர்த்தது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். இன்றைய தொழில் நகரம் பழகுநர் இருவரின் பயணத்திலிருந்து வளர்ந்தது எனல் மிகையன்று. வணிகர் சமூகத்தின் முயற்சியால் 1921ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் தோன்றிய நாடார் வங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாற்றம் பெற்று இன்றும் இயங்கி வருகிறது.

சட்டம் கூறுவது

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் தொடக்கத்தில் ஆலைத் தொழில்களையே மனத்திற் கொண்டிருந்தது. 1973ஆம் ஆண்டின் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளைச் சேர்த்தது. 2014ஆம் ஆண்டின் திருத்தம் கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளுக்கும் வாயிலைத் திறந்தது. 2020ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டப்படிப்பினுள்ளேயே இப்பயிற்சியை இணைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் உதவித்தொகை வழங்க 2019ஆம் ஆண்டின் விதிகள் வகைசெய்தன. 2023ஆம் ஆண்டில் பாரத ஸ்டேட் வங்கி மட்டும் 6,160 பழகுநர் இடங்களை அறிவித்தது. பயிற்சிக் காலம் ஓராண்டு, உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய்.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய பட்டப் பழகுநர் முறையில், மாணவர் நிறுவனத்தின் ஊழியராகவே கருதப்படுகிறார். கல்விக் கட்டணமும் அவர்மீது விழுவதில்லை. நம் சட்டமோ பழகுநரைப் பயிற்சியாளர் என்றே கொள்கிறது. தொழிலாளர் எனக் கொள்வதில்லை. ஒப்பந்தத்தில் தனியே கூறப்பட்டாலன்றி, பயிற்சி முடிந்தபின் வேலை வழங்கும் கடப்பாடு நிறுவனத்திற்கு இல்லை. இவ்வேறுபாட்டை மாணவரும் பெற்றோரும் முதலிலேயே உணர்தல் வேண்டும்.

கற்கத்தக்கவை

வேலை உறுதி இல்லையெனில் இப்பயிற்சியின் பயன் யாது? கற்றலே அதன் பயன். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். பட்டாசு ஆலை ஆண்டு முழுதும் உற்பத்தி செய்கிறது. விற்பனையோ தீபாவளியை ஒட்டியே நிகழ்கிறது. வெளிமாநில வணிகருக்குக் கடனாக அனுப்பிய சரக்கின் பணம் பண்டிகைக்குப் பின்னரே பெரிதும் திரும்புகிறது. இடைக்காலத்தில் கூலிக்கும் மூலப்பொருளுக்கும் வங்கியின் ரொக்கக் கடனே துணை. ஆலையின் சரக்கிருப்பு 40 இலட்சம் ரூபாய் எனவும், அதில் இன்னும் விலை கொடுக்கப்படாதது 8 இலட்சம் எனவும் கொள்வோம். எஞ்சிய 32 இலட்சத்தில் நான்கில் ஒரு பங்கை உரிமையாளரின் பொறுப்பாக வங்கி கழித்தால், எடுக்கத்தக்க கடன் 24 இலட்சம். பாடநூலில் இஃது ஒரு கழித்தல் கணக்கு. கிளையில் அமர்ந்து மாதந்தோறும் சரக்கிருப்பு அறிக்கையைச் சரிபார்க்கும் பழகுநருக்கோ, அது பல குடும்பங்களின் வாரக்கூலி.

ஏட்டில் அடங்காத இடர்களும் உள. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்து, பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்தது. அதன்பின் சிவகாசி ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. முந்தைய ஆண்டின் வரவு செலவை மட்டும் நோக்கிய எவரும் இதனை முன்னுணர்ந்திருக்க இயலாது. காப்பீடு, விபத்து இழப்பீடு, தொழிலாளர் சேமநலநிதி ஆகியவற்றின் கணக்குகளும் இவ்வாறே. அவற்றில் ஓர் எண் பிழைபட்டால், இழப்பு ஓர் ஏழை இல்லத்தைச் சேரும்.

அறமும் கணக்கும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282), கடன் கொடுக்கல் வாங்கலை நேர்மையான எழுத்தரைக் கொண்டு, சாட்சிகளுடன் எழுதி வைத்தலைப் பற்றியதே. கணக்கெழுதுதல் ஓர் அமானிதம் என்னும் உணர்வு அதனின்று பிறக்கிறது. வட்டித் தொழிலில் ஈடுபட மனம் ஒப்பாத மாணவர்க்கு நிதித்துறையின் கதவுகள் அடைபடுவதில்லை. தணிக்கை, பொருள் மற்றும் சேவை வரிக் கணக்கு, நிறுவனங்களின் அடக்கவிலைக் கணக்கு எனப் பல வழிகள் உள்ளன. பட்டயக் கணக்காளர் ஆவதற்குரிய செய்முறைப் பயிற்சியும் தொன்மையான பழகுநர் முறையே. மூன்றாண்டாக இருந்த அதன் காலம் 2023ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட புதிய திட்டத்தின்படி இரண்டாண்டாயிற்று.

முடிவுரை

தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவர் பலர் இவ்வட்டாரத்தில் உள்ளனர். அவர்களுக்கு ஓராண்டு என்பது சிறு காலமன்று. அவ்வாண்டின் முழு வருவாயை எதிர்நோக்கியிருக்கும் வீடும் உண்டு. எனவே ஒப்பமிடுமுன் சில வினாக்கள் இன்றியமையாதன. ஒப்பந்தம் முறைப்படி பதிவாகிறதா? கற்பிக்கும் பொறுப்பு யாருடையது? கடன், காப்பீடு, கணக்கு எனப் பிரிவுதோறும் பயிற்சி உண்டா? அன்றி, கோப்பு சுமப்பதும் வீடுவீடாகச் சென்று ஆள் சேர்ப்பதுமே ஓராண்டுப் பணியா? கல்லூரிகளும் மாணவரை அனுப்பியதோடு கடமை முடிந்தது எனக் கருதலாகாது. ஆசிரியர் ஒருவர் மாதந்தோறும் பயிற்சிக் குறிப்பேட்டைப் பார்வையிட வேண்டும். இவை நிறைவேறின், பட்டத்தோடு தொழிலறிவும் பெற்ற இளைஞர்கள் இக்கந்தக பூமியின் கணக்கைத் தாமே எழுதுவர், நேர்மையாகவும் எழுதுவர்.