உப்பளத்து ஆச்சிகளுக்கும் வேண்டும் டெக்ஸா

தூத்துக்குடி முத்தையாபுரத்தைச் சுற்றியுள்ள உப்பளங்களில் காலமெல்லாம் தலைச்சுமை சுமந்த ஆச்சிக்கு முதுகு கூனினால், "பாடுபட்ட உடம்பு, வயசாகுதுல்லா" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். பல நேரம் அந்தக் கூன், முதுகெலும்பு நசுங்கியதன் அடையாளம். மெலியும் எலும்பு வலிக்காது, முறிந்தால்தான் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கும்.

முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது டெக்ஸா ஸ்கேன். இருவேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களை இடுப்பிலும் கீழ்முதுகிலும் செலுத்துகிறார்கள். எலும்பும் சதையும் அவற்றை வெவ்வேறு அளவில் தடுப்பதால், எலும்பிலுள்ள தாதுவை மட்டும் பிரித்துக் கணக்கிட முடிகிறது. ஊசி கிடையாது. கால் மணி நேரம் படுத்திருந்தால் போதும்; கதிர்வீச்சும் மிகக் குறைவு. ஆரோக்கியமான இளம்பெண்ணின் சராசரியோடு ஒப்பிட்டு ‘டி ஸ்கோர்’ தருவார்கள். மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்கும் கீழே போனாலோ ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கோடு இது.

இலவச முகாம்களில் பெரும்பாலும் குதிகாலை வைத்துப் பார்ப்பது அல்ட்ராசவுண்ட் கருவி. மைனஸ் 2.5 கணக்கு அதற்குப் பொருந்தாது. அங்கே ‘நார்மல்’ என்றதும் நிம்மதியாகிவிடுவதும், ‘குறைவு’ என்றதும் மாத்திரை வாங்குவதும் இரண்டுமே தவறு. அந்தச் சீட்டு டாக்டரிடம் போவதற்கான காரணம், அவ்வளவே.

"வெயில்ல கிடக்கிறவங்களுக்கு எலும்புக்கு என்ன குறை?" என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், வெயிலுக்குப் பேர்போன அவ்வட்டாரத்தில், மாதவிடாய் நின்ற 150 பெண்களைப் பரிசோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் ஆஸ்டியோபோரோசிஸ். ஏறத்தாழ பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. உப்பளத்துப் பெண்களோ கண்கூசும் வெயிலுக்குப் பயந்து தலையில் துணி கட்டி, சேலைமேல் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் வேலை செய்கிறார்கள்; வைட்டமின் டி தரும் வெயில் தோலில் படுவதே குறைவு.

யாருக்கு அவசரம்? 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், கருப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்கள், மூட்டுவாதத்துக்கோ இழுப்புக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், உயரம் நான்கு சென்டிமீட்டர் குறைந்தவர்கள். நின்ற இடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கு ஸ்கேன் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.

அக்டோபர் 20 உலக ஆஸ்டியோபோரோசிஸ் தினம். வடகிழக்குப் பருவமழையால் உப்பு உற்பத்தி நின்று, இந்தப் பெண்கள் வீட்டில் இருக்கும் காலம் அது. அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதே மாதங்களில் 50 வயது தாண்டிய உப்பளப் பெண்களை வண்டி வைத்து அழைத்துப்போய், டெக்ஸா ஸ்கேனும் இலவசமாக எடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.