ஓடும் எந்திரத்துள் ஒரு பார்வை

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீட்டின் ஃபியூஸ் போனால் அவ்வீடு மட்டுமே இருளும். கீழ்த்தளத்தில் உள்ள முதன்மை மின்பெட்டி பழுதானால் கட்டடம் முழுவதுமே இருளில் மூழ்கும். கணினியும் அத்தகையதே. நீங்கள் விளையாடும் செயலி ஒன்று பிழை செய்தால், இயக்க அமைப்பு அதனை மட்டும் நிறுத்திவிட்டுத் தன் பணியைத் தொடரும். இயக்க அமைப்பின் உட்கருவாகிய கெர்னலே பிழை செய்தாலோ, அதனைத் திருத்த அதற்கு மேல் எவரும் இலர். கணினி முழுவதும் நின்றுபோகலாம்.

நினைவகத்தில் உள்ளதைப் படித்துப் பார்ப்பதும் அத்தகைய பிழையாக முடியக்கூடும் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். எழுதினால் அழியலாம், படித்தால் என்ன கேடு?

கேடு முகவரியில் இருக்கிறது. நினைவகம் பொதுவாக 4,096 பைட்டுகள் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. எந்த முகவரி எந்தப் பக்கத்தைச் சுட்டுகிறது என்பதைக் கெர்னல் ஓர் அட்டவணையில் குறித்து வைத்திருக்கும். அட்டவணையில் இடம்பெறாத முகவரியைப் படிக்குமாறு கட்டளை வந்தால், மையச் செயலகம் அக்கட்டளையை நிறைவேற்ற இயலாமல் நின்று, கெர்னலிடம் முறையிடும். இதற்குப் பக்கப் பிழை என்று பெயர். பிழைக்குரிய கட்டளை கெர்னலின் உள்ளேயே இருந்து, அதற்கு மாற்றுவழியும் இல்லையெனில், லினக்ஸ் 'ஊப்ஸ்' என்னும் அறிக்கையை வெளியிடும். கால் இடறியவர் சொல்லும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. ஆயினும் வங்கிக் கணினியைக் காத்து நிற்பவருக்கு அது விளையாட்டன்று.

அப்படியானால் கெர்னலின் உள்ளே பார்க்காமலே இருந்துவிடலாமே என்று தோன்றும். அது இயலாது. சில பழுதுகள் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது மட்டுமே தலைகாட்டும். கணினியை நிறுத்தி ஆராய்ந்தால் மறைந்துவிடும். எனவே ஓடும்போதே பார்த்தாக வேண்டும்.

இவ்வேலையை எளிதாக்கிய கருவி ஒன்று நீங்கள் வாழும் இதே நகரில் உருப்பெற்றது. பெங்களூரில் இயங்கிய ஐபிஎம் நிறுவனத்தின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்த வம்சி கிருஷ்ணா 2002 அக்டோபரில் 'கேப்ரோப்ஸ்' என்பதன் முதல் வடிவத்தை எழுதினார். அதே நிறுவனத்தின் 'டிப்ரோப்ஸ்' என்னும் பெரிய கருவியிலிருந்து பிரிந்து வந்த சிறு பகுதி இது. பின்னர்ப் பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா முதலானோர் அதனை வளர்த்தனர். 2004ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 2.6.9 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. அக்கோப்பின் தலைப்பில் இவர்களின் பெயர்களை எவரும் காணலாம்.

கேப்ரோப்ஸ் செய்யும் தந்திரம் சுவையானது. பார்க்க விரும்பும் இடத்தில் உள்ள கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு, 'நில்' என்னும் பொருள்படும் ஒரு பைட்டை அங்கே வைக்கிறது. இன்டெல் வகைக் கணினிகளில் அதற்கு ஒரே ஒரு பைட் போதும். மையச் செயலகம் அங்கு வந்ததும் நின்று, நாம் எழுதிய சிறு நிரலை இயக்கும். பிறகு மூலக் கட்டளையின் படியை நிறைவேற்றிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மேலே செல்லும்.

அச்சிறு நிரல் கையில் கிடைத்த முகவரியைப் பின்பற்றி நினைவகத்தைப் படிக்க முனையும். முகவரி பொய்யானால் என்ன ஆகும்? முன்கூட்டியே சோதித்துவிட்டுப் படிக்கலாம் என்பீர்கள். ஆனால் சோதித்த கணத்துக்கும் படிக்கும் கணத்துக்கும் இடையே, வேறொரு பணி அப்பக்கத்தை விடுவித்திருக்கலாம். சோதனை வீண்.

ஆகவே லினக்ஸ் தலைகீழாகச் சிந்தித்தது. கிணற்றில் தூர் வாருபவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவதுபோல, விழுந்தால் திரும்பும் வழியை முதலிலேயே எழுதி வைக்கிறது. இடறக்கூடிய ஒவ்வொரு கட்டளையின் முகவரியும், இடறினால் எங்கிருந்து தொடர்வது என்னும் முகவரியும் இணையிணையாக ஓர் அட்டவணையில் இடம்பெறும். பக்கப் பிழை நேர்ந்தால் கெர்னல் அவ்வட்டவணையைத் தேடி, குறித்த இடத்துக்குத் தாவும். கேட்டவருக்குத் 'தவறான முகவரி' என்னும் விடை கிடைக்கும், கணினியோ விழாது. பிழை நேராதபோது அட்டவணையைப் புரட்டவே தேவையில்லை என்பதால் வேகமும் குறையாது.

இன்னும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேண்டிய பக்கம் வட்டில் இருந்தால், கெர்னல் வழக்கமாக அதனைக் கொணரும்வரை காத்திருக்கும். கேப்ரோப்ஸ் நிறுத்திய இடத்தில் காத்திருத்தல் ஆகாது. ஆதலால் படிக்கும் கணத்தில் அந்த வழக்கம் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது. கிடைத்தால் மதிப்பு, இல்லையேல் உடனே பிழைவிடை. இப்பணியைச் செய்யும் செயற்கூறு 2020 முதல் 'காப்பி ஃப்ரம் கெர்னல் நோஃபால்ட்' என்று அழைக்கப்படுகிறது. நீண்ட பெயர்தான், ஆனால் வேலையை மறைக்காமல் சொல்லும் பெயர்.

எனினும் இக்கயிறும் காக்காத இடம் ஒன்று உண்டு. சில முகவரிகளுக்குப் பின்னால் நினைவகம் இராது. வலையமைப்பு அட்டை போன்ற சாதனம் இருக்கும். அத்தகைய சாதனங்கள் சிலவற்றில், ஒரு மதிப்பைப் படித்த உடனே அது தானாக அழிந்துவிடும். அங்கே பக்கப் பிழை எழாது. விடையும் ஒழுங்காகவே வரும். அம்மதிப்புக்காகக் காத்திருந்த சாதன நிரல் பின்னர் வந்து பார்க்கும்போது, அங்கு ஒன்றும் இராது.