கானமயிலின் கண்ணில் படாத கம்பி

‘கெடு எப்போதோ முடிந்துவிட்டதே, ஜெய்சால்மரில் மின்கம்பி ஏன் இன்னும் தலைக்கு மேலேயே போகிறது?’ வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது.

கானமயில்கள் மின்கம்பியில் மோதிச் சாவதைத் தடுக்க, 2021 ஏப்ரலில், முடிந்த இடங்களில் ஓராண்டுக்குள் கம்பிகளைப் புதைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பேசப்பட்ட பரப்பு சுமார் 99,000 சதுர கிலோமீட்டர். உயரழுத்தக் கம்பியைப் புதைக்க முடியாது என்று மத்திய அமைச்சகங்கள் முறையிட, 2024 மார்ச்சில் விஷயம் நிபுணர் குழுவிடம் போனது. 2025 டிசம்பர் தீர்ப்பில் ராஜஸ்தானின் ‘முன்னுரிமைப் பகுதி’ 14,013 சதுர கிலோமீட்டர். பறவை வாழும் இடமெல்லாம் இதில் அடக்கம் என்று எண்ண வேண்டாம். கட்டுப்பாட்டுக்காக நிபுணர் குழு பரிந்துரைத்து நீதிமன்றம் ஏற்ற இடம், அவ்வளவுதான்.

மற்ற இடங்களில் தகடு மாட்டினால் போதும் என்கிறார்கள். பறவை கண்டு விலகுவதற்காகக் கம்பியில் தொங்கி, காற்றில் சுழன்று மினுக்கும் சிறு வட்டு. ஆனால் சிக்கல் பறவையின் கண்ணில் இருக்கிறது.

கானமயிலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும். நரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரியும். நேரெதிரே பார்க்கும் பட்டை மட்டும் மிகக் குறுகல். இதன் ஆப்பிரிக்க உறவினரான கோரி பஸ்டர்டை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின்படி, பறக்கையில் தலை 25 பாகை தாழ்ந்தாலே போகும் திசை முழுவதும் பார்வையிலிருந்து மறைந்துவிடும். கீழே இரையையோ இனத்தையோ தேடும் பறவை தலையைத் தாழ்த்தாமல் இருக்குமா? கடைசி நொடியில் கம்பி தெரிந்தாலும், ஆண் பறவை 15 கிலோ வரை கனக்கும். சட்டென ஒதுங்க உடம்பு இடம்கொடுக்காது.

தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்வெளியில் தகடுகளைப் பெரிய அளவில் சோதித்தார்கள். நீலக் கொக்குகளின் சாவு வெகுவாகக் குறைந்தது. பஸ்டர்டுகளுக்குப் பலனே தெரியவில்லை. முடிவு 2021இலேயே வெளிவந்துவிட்டது. தகடு மாட்டியதைச் சாதனைக் கணக்கில் எழுதுபவர்கள் இதைப் படித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. காட்டில் எஞ்சிய கானமயில்கள் 150 அளவில். பெட்டை ஒரு பருவத்தில் இடுவது பெரும்பாலும் ஒரே முட்டை.

வாசகர்கள் கேட்கும் மற்றவை: கானமயில் மயிலா? இல்லை, பஸ்டர்ட் இனம்.

தமிழ்நாட்டில் உண்டா? முன்பு இருந்தது.

வளர்ப்பு மையம் போதாதா? 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சு பொரிந்தது உண்மைதான். ஆனால் வளர்த்து விடப்போவது இதே கம்பிகளுக்கு இடையில்.

இந்தக் கம்பிகள் சுமக்கும் சூரிய மின்சாரம் வேண்டாமா? வேண்டும். 765 கிலோவோல்ட்டுக்குச் சொல்லும் ‘முடியாது’ 33 கிலோவோல்ட் கம்பிக்குப் பொருந்தாது. அதைப் புதைக்கலாம், செலவுதான் தடை.