லாரிக்கு "கூடுதல் வாரண்டி" வாங்கலாமா? கையெழுத்துக்கு முன்னால் கணக்குப் போடுங்கள்!

தென்காசி,-

புது டீசல் லாரி எடுக்கப் போகிறவரை ஷோரூமில் கடைசியாக ஒரு கேள்வி மடக்குகிறது.

விலை பேசி முடிந்துவிட்டது. பைனான்ஸ் பேப்பர் தயார். ஜாமீன்தாரரும் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் மேஜை மேல் இன்னொரு தாள் வந்து விழுகிறது. "எக்ஸ்டெண்டட் வாரண்டி" என்று அதற்குப் பெயர். கம்பெனி இலவசமாகத் தரும் வாரண்டி முடிந்த பிறகும் சில வருடம் ரிப்பேரைப் பார்த்துக் கொடுப்போம், அதற்குத் தனியாகப் பணம் கட்டு என்கிற ஒப்பந்தம் அது.

போடலாமா, வேண்டாமா?

"போட்டுடுங்க அண்ணாச்சி, நிம்மதியா தூங்கலாம்" என்பது ஒரு கட்சி. "எல்லாம் தண்டச் செலவு, பட்டறையிலே பாத்துக்கிடலாம்" என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் சூட்சுமம்!

மலை ஏறும் வண்டி

தென்காசி 2019-ம் ஆண்டு நவம்பர் 22-ந்தேதி தனி மாவட்டம் ஆனது. இந்த ஊர் வழியாகத்தான் திருமங்கலம்-கொல்லம் தேசிய நெடுஞ்சாலை (எண் 744) போகிறது. பாவூர்சத்திரம், சுரண்டை காய்கறியும், ஜல்லியும் மணலும் இந்த வழியாகத்தான் கேரளாவுக்கு மலை ஏறுகின்றன.

செங்கோட்டையைத் தாண்டினால் புளியரை. அங்கே "எஸ்" வளைவு. அப்புறம் ஆரியங்காவு கணவாய். லோடு வண்டி சின்ன கியரில் முக்கி முனகி ஏறும். இறங்கும்போது பிரேக் காயும்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலம் சீசன் வேறு. சாரல் ஒரு பக்கம், அருவிக்கு வரும் கார், வேன் கூட்டம் ஒரு பக்கம். லாரி ஊர்ந்துதான் போக முடியும். சமவெளியில் 100 கிலோமீட்டர் ஓடும் எஞ்சினும், மலையில் 100 கிலோமீட்டர் ஓடும் எஞ்சினும் மீட்டரில் ஒன்றுதான். படுகிற பாடு ஒன்றல்ல.

ஸ்பேனர் காலம் போச்சு

பழைய லாரி நடுவழியில் நின்றால் கவலை இல்லை. பம்பு, நாசில் இரண்டையும் கழற்றிப் பார்க்கிற மெக்கானிக் வழிநெடுக இருந்தார். ஒரு ஸ்பேனர் செட் இருந்தால் வண்டி ஊர் போய்ச் சேரும்.

இப்போது அப்படி இல்லை. புகைக் கட்டுப்பாட்டு விதியில் "பி.எஸ்.4" என்கிற தரம் நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1-ந்தேதி வந்தது. 2020 ஏப்ரல் 1-ந்தேதியில் இருந்து "பி.எஸ்.6". அந்தத் தேதிக்குப் பிறகு பி.எஸ்.4 வண்டியை விற்கவே கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 அக்டோபர் 24-ந்தேதி உத்தரவு போட்டது.

அதனால் எஞ்சினுக்குள் கம்ப்யூட்டர் ஏறிவிட்டது. சைலன்சர் பக்கம் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. "ஆட்புளூ" என்கிற யூரியா திரவத்துக்குத் தனி டேங்க் வந்தது. வழிநெடுக சென்சார்.

அந்தக் கரி வடிகட்டி ஒரு வினோதமான சாமான். சைலன்சர் நன்றாகச் சூடேறினால், பிடித்த கரியைத் தானே எரித்துவிடும். வண்டி ஊர்ந்துகொண்டும் நின்றுகொண்டும் கிடந்தால் சூடு போதாது; கரி சேரும். டேஷ்போர்டில் விளக்கு எரியும். "அது கெடக்கட்டும்" என்று ஓட்டினால் எஞ்சின் இழுவை குறையும். கடைசியில் வடிகட்டிக்கே செலவு வரும்.

இந்தக் கோளாறுகளை ஸ்கேனர் மாட்டாமல் கண்டுபிடிக்க முடியாது. இன்ஜெக்டர், டர்போ, பம்பு, கம்ப்யூட்டர் பெட்டி என்று எது போனாலும் ஒரு மாத வருமானத்தை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். கூடுதல் வாரண்டிக்கு மவுசு வந்ததன் காரணம் இதுதான்.

எது சேரும்? எது சேராது?

"எல்லாமே கவர் ஆகும் சார்" என்று வாயால் சொல்வதை நம்பக் கூடாது. தாளில் இருப்பதுதான் பேசும்.

பொதுவாக எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சில் ஆகியவற்றின் உள்பாகங்களுக்கு வாரண்டி உண்டு. கிளட்ச் பிளேட், பிரேக் லைனர், பில்டர், பெல்ட், பல்பு, ஆயில் போன்ற தேய்மானச் சாமான்கள் வராது. டயருக்கும் பேட்டரிக்கும் அதனதன் கம்பெனிதான் பொறுப்பு. மலை ஏறும் வண்டியில் அடிக்கடி போவது கிளட்சும் லைனரும்தான் என்பதை மறக்கக் கூடாது!

யூரியா பம்பு, சென்சார், கரி வடிகட்டி மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். இவை இல்லாத வாரண்டி, பி.எஸ்.6 லாரிக்கு அரைக் குடைதான்.

"அதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள் சிலர். இன்சூரன்ஸ் விபத்துக்கும் திருட்டுக்கும்தான். எஞ்சின் தானாகப் பழுதானால் மோட்டார் இன்சூரன்சில் ஒரு பைசா வராது. வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தமும் வேறு. அதில் சர்வீசும் ஆயில் மாற்றமும் சேரும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஏமாறக் கூடாது.

இன்னொன்று. வண்டி பத்து நாள் ஷெட்டில் கிடந்தால் ரிப்பேர் இலவசம் ஆகலாம். போன வாடகை போனதுதான். டியூ தேதியும் நிற்காது.

வருடமா? கிலோமீட்டரா?

இத்தனை வருடம் அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை என்பதுதான் வாரண்டியின் எல்லை. இந்த ஒரு வரியில் பலர் கோட்டை விடுகிறார்கள்.

உதாரணத்துக்கு, 3 வருடம் அல்லது 3 லட்சம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தென்காசியில் இருந்து கொல்லம் சுமார் 100 கிலோமீட்டர். தினம் போய் வந்தால் 200. மாதம் 25 நாள் என்றால் 5 ஆயிரம். வருடத்துக்கு 60 ஆயிரம். 3 வருடத்தில் வண்டி ஓடியிருப்பது 1 லட்சத்து 80 ஆயிரம்தான். வருடம் முடிந்துவிடும், கிலோமீட்டர் மிச்சம் இருக்கும். இவர் வாங்க வேண்டியது கூடுதல் வருடம்.

வடநாட்டு லைனில் மாதம் 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இதே 3 லட்சம் இரண்டரை வருடத்திலேயே தீர்ந்துவிடும். அவருக்கு வேண்டியது கூடுதல் கிலோமீட்டர். வருடத்தை மட்டும் நீட்டிக் கொடுத்தால் அவருக்குப் பிரயோஜனம் இல்லை.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே கடைச் சரக்கு ஏற்றும் சின்ன லோடு வண்டிக்கு? தூரம் 5 கிலோமீட்டர் அளவுதான். தினம் பத்து நடை அடித்தாலும் மீட்டர் மெதுவாகத்தான் நகரும். ஆனால் குட்டி நடை ஓட்டத்தில்தான் கரி வடிகட்டி அடைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தவணையில் சேர்த்தால்...

வாரண்டிக்கான பணத்தை லோனிலேயே சேர்த்துவிடலாம் என்று ஆசை காட்டுவார்கள். கையில் இருந்து போகாததால் கசக்காது. கணக்கு கசக்கும்.

வரி உட்பட 50 ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். 12 சதவீத வட்டி, 5 வருடத் தவணை என்றால் மாதம் 1,112 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது சுமார் 66,700 ரூபாய். இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் சில வருடம் கம்பெனியின் இலவச வாரண்டியே ஓடிக்கொண்டிருக்கும். அப்போதும் பின்னால் வரப்போகும் வாரண்டிக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார்!

பல திட்டங்களில், இலவச வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் கூடுதல் வாரண்டியைச் சேர்க்கலாம். தாமதம் ஆனால் விலை ஏறும் திட்டமும் உண்டு. கடைசித் தேதி எது, அன்றைக்கு விலை என்ன என்று எழுதி வாங்கிக்கொண்டால் வண்டியின் குணம் பார்த்து முடிவு செய்யலாம்.

வாரண்டி செத்துப்போகும் இடங்கள்

பணம் கட்டியும் வாரண்டி கிடைக்காமல் போவது உண்டு. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் தேதி தவறாமல் சர்வீஸ் விடாதது முதல் காரணம். ஒரு சர்வீசைப் பட்டறையில் முடித்துவிட்டு மறு சர்வீசுக்குப் போனால், புத்தகத்தில் கட்டம் காலியாக இருக்கும்.

யூரியா டேங்கில் வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றுவது அடுத்த தப்பு. சுத்திகரித்த தண்ணீரில் 32.5 சதவீத யூரியா என்பதுதான் சரியான கலவை. நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் பம்பும் போகும், வாரண்டியும் போகும்.

மூன்றாவது ஓவர் லோடு. 2018 ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியது. அதன்படி வண்டியும் சரக்கும் சேர்த்து 6 சக்கர லாரிக்கு 18.5 டன், 10 சக்கர லாரிக்கு 28.5 டன் உச்ச வரம்பு. மீறினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2 ஆயிரம். 2019 செப்டம்பர் 1 முதல் இதுதான் சட்டம். அந்த அபராத ரசீதே நாளைக்கு வாரண்டி கேட்கும்போது எதிர்சாட்சியாக வந்து நிற்கலாம்.

கோர்ட்டு சொன்னது என்ன?

வாரண்டி இருந்தும் "முடியாது" என்று கையை விரித்தால் எங்கே போவது?

நுகர்வோர் சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. அப்படியானால் லாரிக்காரர் கதி?

லட்சுமி எஞ்சினீயரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனத்துக்கும் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட்டுக்கும் இடையே ஒரு எந்திரம் பற்றி நடந்த வழக்கில், 1995 ஏப்ரல் 4-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விளக்கம் கொடுத்தது. எந்திரம் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பு ஆனது. ஆனால் அதே தீர்ப்பில் லாரிக்காரருக்கு வழி பிறந்தது. பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் பாதகம் இல்லை. வண்டியை முழுக்க முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல.

இப்போது நடப்பில் இருக்கும் 2019-ம் ஆண்டு சட்டத்திலும் இந்தச் சலுகை இருக்கிறது. அது 2020 ஜூலை 20-ந்தேதி அமலுக்கு வந்தது. குடியிருக்கும் ஊருக்கு உரிய மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

டிரைவர் போட்டு ஓட்டும் முதலாளிக்கு இந்தக் கதவு திறப்பது கஷ்டம். அவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் நடக்க வேண்டும். ஆகவே அவர் ஒப்பந்தத்தை இரண்டு மடங்கு கவனமாகப் படிக்க வேண்டும்.

யாருக்கு லாபம்?

ஒரே வண்டி, தானே டிரைவர், ஐந்தாறு வருடம் வைத்து ஓட்டப் போகிறவர், சர்வீசை ஒழுங்காக விடுகிறவர், ஒரு பெரிய ரிப்பேர் வந்தால் டியூ தவறிவிடும் நிலையில் இருப்பவர்... இவர்களுக்குக் கூடுதல் வாரண்டி உபயோகம்தான்.

மூன்று வருடத்தில் வண்டியை மாற்றுகிறவருக்கும், சொந்தப் பட்டறையில் வேலை பார்க்கிறவருக்கும் வேண்டாம். பத்து வண்டி வைத்திருப்பவர் அந்தப் பணத்தைத் தனியாக ஒதுக்கி வைத்தாலே போதும். ஒரு வண்டி படுத்தால் மற்ற ஒன்பது ஓடும்.

வாங்குவது என்று முடிவானால், சர்ட்டிபிகேட் யார் பெயரில் வருகிறது என்று பார்க்க வேண்டும். லாரி கம்பெனியா, டீலரா, வேறு நிறுவனமா? புனலூரிலோ கொல்லத்திலோ நின்றால் அங்கேயே பார்ப்பார்களா? ஷெட் வரை இழுத்து வரும் செலவு யாருடையது? வண்டியை விற்றால் வாரண்டி அடுத்தவருக்கு மாறுமா? நான்குக்கும் பதில் எழுத்தில் வேண்டும்.

ஜாமீன் போட வந்த குமாஸ்தாவும் மளிகைக் கடைக்காரரும் இந்தத் தாளைச் சேர்த்துப் படிப்பது நல்லது. லாரி மலையில் நின்றால் பைனான்ஸ்காரர் முதலில் தேடுவது டிரைவரை. அடுத்து தட்டுவது ஜாமீன்தாரர் வீட்டுக் கதவை!