வலித்ததும் மகிழ்ந்தார் டாக்டர்!

லண்டன் நகரம். ஓர் ஓட்டல் அறை. இரவு நேரம்.

நீண்ட பயணம் செய்து களைத்து வந்த டாக்டர் ஒருவர், படுக்கப் போகுமுன் காலுறையைக் கழற்றினார். குதிகாலைத் தொட்டார். தொட்டது தெரியவில்லை!

ஓர் ஊசியை எடுத்தார். கணுக்காலுக்குக் கீழே குத்தினார். ரத்தம் துளிர்த்தது. ஆனால், வலிக்கவில்லை!

டாக்டருக்கு நெஞ்சு திக்கென்றது.

அவர் பெயர் பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை டாக்டர். பல ஆண்டுகளாகத் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்து வந்தவர். உடம்பில் உணர்ச்சி இல்லாமல் போவது அந்த நோயின் அடையாளம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நோய் தன்னையும் பிடித்துக்கொண்டது என்றே அவர் நினைத்தார். மனைவியையும் குழந்தைகளையும் எண்ணி எண்ணி, இரவு முழுவதும் தவித்தார். இது நடந்தது 1950-களில்.

விடிந்ததும் என்ன ஆயிற்று? கடைசியில் பார்ப்போம். அதற்கு முன், ஆறாத கால் புண்ணின் ரகசியத்தை இந்த டாக்டர் கண்டுபிடித்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலில் அடிபட்டு, "இந்த வலி எப்போது தீருமோ!" என்று ஏங்குகிறவர்கள் எல்லோருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

கொல்லிமலையில் பிறந்தவர்

பால் பிராண்ட் வெள்ளைக்காரர். ஆனால், பிறந்தது நம் கொல்லிமலையில்! ஆண்டு 1914. சமயப் பணிக்காக வந்த அவருடைய தாய் தந்தையர், மலை மக்களுக்கு வைத்தியமும் செய்தார்கள். பையன் 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனான். டாக்டர் ஆனான். 1946-ல் வேலூருக்கு வந்து சேர்ந்தான்.

மறு ஆண்டு அவர் செங்கற்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். அங்கே கண்ட காட்சி அவர் மனத்தை உருக்கியது. விரல்கள் குறைந்துபோன கைகள். ஆறாத புண்ணோடு கால்கள்.

"தொழுநோய் வந்தால் விரல் தானாகத் தேய்ந்துவிடும். சதையே கெட்டுப்போவதால் புண் ஆறாது." அந்தக் காலத்தில் டாக்டர்களில் பலரும் இப்படித்தான் நம்பினார்கள்.

பிராண்ட் நம்பவில்லை. விரல்களின் சதையை எடுத்துச் சோதிக்கச் செய்தார். அது மற்றவர்களின் சதையைப் போலவே இருந்தது! அப்படியானால் விரலைத் தின்பது யார்?

பூட்டும் எலியும்

ஒரு நாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முயன்றார் பிராண்ட். சாவி அசையவில்லை. அங்கே நின்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கினான். ஒரே திருகு! பூட்டு திறந்தது.

சிறு பையனுக்கு இவ்வளவு பலமா? டாக்டர் கீழே பார்த்தார். தரையில் ரத்தம்! சாவி அவன் விரலைக் கிழித்து எலும்பு வரை இறங்கியிருந்தது. பையனோ ஒன்றும் நடக்காததுபோல் நின்றான். அவனுக்கு வலி தெரியவில்லை.

இன்னொரு புதிரும் இருந்தது. நோயாளிகள் சிலருக்கு இரவில் விரலின் ஒரு பகுதி காணாமல் போயிற்று! இரவில் விழித்திருந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. தூங்குகிறவர்களின் விரல்களை எலி கடித்தது! வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. அதன் பிறகு அங்கே பூனை வளர்க்க ஏற்பாடு செய்தார்கள்.

விஷயம் விளங்கிவிட்டது. நோய், நரம்பைக் கெடுத்து வலியைப் பறித்துவிடுகிறது. வலி போனபின் அடியும், சூடும், வெட்டும் சேர்ந்து விரலைப் பறிக்கின்றன.

நொண்டாத கால்

கால் புண் ஆறாத காரணமும் இதுவேதான்.

நம் காலில் முள் குத்தினால் என்ன செய்கிறோம்? நொண்டுகிறோம். புண்பட்ட இடம் தரையில் படாமல் ஓரமாக ஊன்றுகிறோம். நெடுந்தூரம் நடந்தால், நமக்குத் தெரியாமலே எடையை முன்னும் பின்னும் மாற்றிக்கொள்கிறோம். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. வலிதான் கற்றுக்கொடுக்கிறது.

உணர்ச்சி இல்லாதவர் நொண்டுவதில்லை. உள்ளங்காலில் குழி விழுந்திருக்கும். அதையே அழுத்தி நடப்பார். காலையில் மருந்து போட்ட புண், மாலைக்குள் மறுபடி நசுங்கிவிடும். பிறகு எப்படி ஆறும்?

இதற்கு மாவுக்கட்டு போட்டார் பிராண்ட். எலும்பு முறிந்தால் போடுகிறோமே, அதே கட்டு. புண்ணில் எடை விழாதபடி அது காலைப் பாதுகாத்தது. சில வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் நாற்றம் வீசும். ஆனால், புண் சுருங்கியிருக்கும்! நெடுநாள் ஆறாத புண்களும் ஆறின.

ஆறியவர்கள் பழையபடி வெறுங்காலில் நடந்தார்கள். மறுபடியும் புண்! எனவே, செருப்பு ஆராய்ச்சியில் இறங்கினார் டாக்டர். மரம், தோல், ரப்பர் என்று பலவற்றையும் சோதித்தார். கடைசியில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் கைகொடுத்தது. இன்று 'எம்.சி.ஆர். செருப்பு' என்று விற்கிறார்களே, அந்த ரப்பர்தான்!

காவல்காரன்

நமக்கு இதில் என்ன பாடம்?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். உடலின் எடை முழுவதையும் தாங்குவது அது. கைக்கு ஓய்வு கொடுக்கலாம். காலுக்கு ஓய்வு கொடுத்தால் வீட்டு வேலை யார் பார்ப்பது? பிழைப்பு என்ன ஆவது? அதனால்தான் கால் காயம் மெதுவாக ஆறுகிறது. முறிந்த எலும்பு கூடுவதற்கு ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகலாம். கணுக்கால் சுளுக்கின் நோவு சிலருக்கு மாதக் கணக்கில் நீடிக்கும்.

அந்த நோவை வீட்டுக் காவல்காரனாக நினைக்க வேண்டும். "போதும், உட்கார்!" என்று அவன் சொன்னால் உட்கார வேண்டும். மாத்திரையால் அவன் வாயை அடைத்துவிட்டு மாடிப்படி ஏறினால் நஷ்டம் காலுக்குத்தான்.

ஆனால், காவல்காரன் சில சமயம் திருடன் போன பிறகும் கத்துவான். காயம் ஆறிய பின்னும் வலி நிற்காமல் இருப்பது உண்டு. அப்போது பயந்து படுத்தே கிடந்தால், தசை மெலிந்து கால் இறுகிவிடும். டாக்டரைக் கேட்டு, இன்று பத்து அடி, நாளை இருபது அடி என்று நடந்து பழக வேண்டும். மறுநாள் வலி கூடியிருந்தால் நடையைக் குறைக்கலாம். கூடவில்லை என்றால் மெல்ல ஏற்றலாம்.

வீக்கம் ஏறினாலோ, சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளே, உஷார்!

தொழுநோய்க்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. முற்றிலும் குணமாகிறது. ஆனால், வலியைப் பறிக்கும் மற்றொரு நோய் வீடு வீடாக நுழைந்திருக்கிறது. அது சர்க்கரை நோய்!

நெடுநாள் சர்க்கரை இருந்தால் கால் நரம்பு மரத்துப்போகலாம். செருப்பு கடித்தது தெரியாது; ஆணி குத்தியது தெரியாது. "வலிக்கவில்லையே!" என்று இருந்துவிடுவார்கள். புண் முற்றி, காலையே எடுக்கும்படி ஆகிவிடும்.

இவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. தினமும் இரவு உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்குப் பேரப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். புண் சிறிதாக இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

விடிந்தது!

லண்டன் ஓட்டலில் பொழுது விடிந்தது. தூக்கமில்லாத கண்களோடு எழுந்தார் பிராண்ட். மறுபடி ஊசியை எடுத்தார். அதே இடத்தில் குத்தினார்.

"ஆ!" என்று அலறினார். வலித்தது!

நோய் எதுவும் இல்லை. ரயிலில் அசையாமல் உட்கார்ந்து வந்ததால் நரம்பு அழுந்தி, கால் மரத்துப் போயிருந்தது. அவ்வளவுதான்!

அந்த வலியைப் போல் மகிழ்ச்சி தந்தது எதுவும் இல்லை அவருக்கு. 2003-ல் இறக்கும்வரை, வலியை ஒரு கொடை என்றே அவர் எடுத்துச் சொல்லி வந்தார்.