பட்டும் படாமலும்

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் என்று மேற்கு மலையடிவாரத்து ஊர் எதுவானாலும் இப்படி ஒருவர் இருப்பார். ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துவிட்டு, சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். சொத்துத் தகராறோ தேர்தல் சண்டையோ, எதிலும் சிக்கமாட்டார். "அவரு ஒரு சாமியார் மாதிரிப்பா, எதுலயும் பட்டுக்கிட மாட்டாரு" என்று ஊர் அவருக்கு ஒரு மரியாதையும் வைத்திருக்கும். ஆன்மிக நூல்கள் போற்றும் சாட்சி நிலை இதுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நூல்களையும் அப்படி வாழ்ந்தவர்களையும் சற்று நெருங்கிப் பார்த்தால் வேறொரு உண்மை தெரிகிறது. ஒதுங்கி நிற்பது பிறவிச் சுபாவம். சாட்சியாக நிற்பது பக்குவம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால்தான் குழப்பம்.

சாட்சி என்ற கருத்து மிகப் பழையது. ஒரே மரத்தில் இரண்டு பறவைகள், ஒன்று பழத்தைத் தின்கிறது, மற்றொன்று தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற உருவகம் முண்டக உபநிடதத்தில் வருகிறது. செயலெல்லாம் பிரகிருதியினுடையது, புருஷன் வெறும் சாட்சி என்கிறது சாங்கியம். இவை இரண்டும் பேசுவது ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கும் ஒரு நிலையை. மனிதர்களில் ஒரு ரகத்தை அல்ல. ஆட்களை ரகம் பிரித்துப் பார்க்கும் ஒரு பிற்காலப் போதனையும் உண்டு. ஆஸ்கர் இச்சாஸோ தொடங்கிவைக்க, சிலி நாட்டு மனநல மருத்துவர் கிளாடியோ நரான்ஹோ 1970களில் வளர்த்தெடுத்த எனியாகிராம் முறை, மனிதரை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. அதில் ஐந்தாவது வகைக்கு ஹெலன் பால்மர் வைத்த பெயர் 'பார்வையாளர்'. பற்றற்றவர் என்று நாம் மெச்சும் இந்த ரகத்துக்கு அந்த முறை சொல்லும் மூலக் குறை என்ன தெரியுமா? கஞ்சத்தனம். பணத்தில் மட்டுமல்ல, நேரத்திலும் அறிவிலும் பாசத்திலும் கஞ்சத்தனம். கொடுத்தால் தனக்கு இல்லாமல் போய்விடும் என்ற பயத்தில் கதவைச் சாத்திக்கொள்பவர் அவர். இந்த முறையை அறிவியல் என்று ஏற்கவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் அது எழுப்பும் கேள்வியைத் தள்ளிவிட முடியாது: விலகி நிற்பவர் ஆசையை விட்டவரா, அல்லது தன்னையே பூட்டி வைத்திருப்பவரா?

நம் பக்கத்துச் சான்றாக ரமணரை எடுத்துக்கொள்ளலாம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா அவர்மீது பாடல்கள் இயற்றி இசையமைத்திருப்பதால் இந்த வட்டாரத்துக்கு அவர் அந்நியரல்ல. 1896 ஜூலையில், மதுரை சொக்கப்ப நாயக்கர் தெரு வீட்டின் மாடியில், திடீரென்று கவ்விய மரண பயத்தைக் கண்டு ஓடாமல், உடல் சாவதைத் தானே பார்ப்பதுபோல் படுத்துக்கொண்டு விசாரித்தபோது அவருக்கு வயது 16. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் தொடையை அரித்தும் அசையாமல் கிடந்தார். 1898இல் தாய் அழகம்மாள் தேடி வந்து, வீட்டுக்கு வா என்று அழுதபோதும் வாய் திறக்கவில்லை. பதிலை எழுதிக் காட்டினார். அத்தோடு கதை முடிந்திருந்தால் அவரையும் ஒதுங்கிய சுபாவக்காரர் என்றே கணக்கில் எழுதிவிடலாம். ஆனால் 1916இல் அதே தாய் மகனோடு தங்க வந்தார். 1922 மே 19 அன்று அவர் உயிர் பிரியும்வரை, ஒரு கை தலையிலும் ஒரு கை மார்பிலுமாக வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அந்த மகன்தான். பிற்காலத்தில் விடியுமுன்னே ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். கத்தரிக்காய்க் காம்பைக்கூட வீணாக்கவிடவில்லை. பந்தியில் மற்றவர்களைவிடத் தனக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் கண்டித்தார். அவருடைய விலகல் முற்ற முற்ற, கைகளுக்கு வேலை கூடியது; பார்வை சிறு பொருளிலும் பதிந்தது.

மரபும் இதைத்தான் எதிர்பார்த்தது. திருக்குறளின் துறவறவியல் 13 அதிகாரங்களில், துறவு என்ற அதிகாரம் பதினோராவதாகத்தான் வருகிறது. முதலில் நிற்பது அருளுடைமை. நடுவில் கூடா ஒழுக்கம், வெகுளாமை, இன்னா செய்யாமை. பிற உயிர்மேல் அருள் இல்லாதவனுக்கு அந்த வாசலே திறக்காது என்பதுபோன்ற வரிசை இது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்திலிருந்து விசுத்திமார்க்கம் எழுதிய புத்தகோசர் இன்னும் ஒரு படி நுட்பமாகப் போகிறார். சமநிலைக்கு விருப்பும் வெறுப்பும் தூரத்து எதிரிகள், அறியாமையால் வரும் அலட்சியம் பக்கத்து எதிரி என்கிறார். பக்கத்து எதிரிதான் ஆபத்தானது. அது சமநிலையின் சட்டையைப் போட்டுக்கொண்டே வரும்.

சமூக அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவருக்குச் சாட்சி நிலை ஒரு வசதியான சாக்குதானே என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். தனிக் குவளையையும் தனிச் சுடுகாட்டையும் கண்டுவிட்டு "எல்லாம் மாயை" என்று நகர்ந்தவர்கள் உண்டு. ஆனால் நம் கண்மாய்ப் பாசனத்தில் வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியை நினைத்துப் பாருங்கள். பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் அவருக்குச் சொந்த வயல் இருக்காது. அதனாலேயே கடைமடை வரை நியாயமாகத் தண்ணீர் சேரும் என்று ஊர் நம்பியது. மடையருகே இரவெல்லாம் விழித்திருந்து, யார் வயல் காய்கிறது, எங்கே வாய்க்கால் உடைகிறது என்று அவரைப்போல் பார்ப்பவர் வேறு யாரும் இல்லை. தனக்கென்று பங்கு கேட்காத பார்வை நியாயத்தைக் கூர்மையாக்கும் என்பதற்கு அவர் சான்று. அவருக்கு நிலம் இல்லாமல் போனதற்குச் சாதியே பெரும்பாலும் காரணம் என்பதையும் மறக்கக்கூடாது. பிறர் பறித்ததால் வந்த இல்லாமையைத் துறவு என்று புகழ்வதால், பறித்தவருக்குத்தான் லாபம்.

இன்னொரு பக்கமிருந்தும் ஆட்சேபம் வரும். அப்படியானால் பேச்சு குறைந்தவர், கூட்டம் பிடிக்காதவர் எல்லாம் குற்றவாளிகளா? நிச்சயமாக இல்லை. கூச்சமும் தனிமை விருப்பமும் குறையல்ல, உடல்வாகு போல ஓர் அமைப்பு. அப்படிப்பட்டவருக்கு அமைதியாகக் கவனிக்கும் பயிற்சி எளிதாகக் கைவரவும் கூடும். கலகலப்பானவர் மட்டும் உயர்ந்தவராகிவிடுவதும் இல்லை. எல்லாக் காரியத்திலும் தலைகொடுப்பவர் பெயருக்காகவே ஓடலாம். சுபாவத்தையே சாதனை என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். ஒதுங்கியவருக்கு "நீ ஏற்கெனவே ஞானிதான்" என்று ஊர் பட்டம் கட்டிவிட்டால், அவர் கடக்கவேண்டிய பயத்தைக் கடக்க அவருக்குக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது.

எனவே ஒருவரை எடைபோட அவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று அளப்பதில் பயனில்லை. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் வந்து நிற்கிறாரா, தெரிந்ததைக் கேட்பவருக்குச் சொல்லித் தருகிறாரா, தன்னைப் புகழ்ந்தாலும் ஏசினாலும் தொட்ட வேலையை அதே கவனத்தோடு முடிக்கிறாரா என்று பார்த்தால் போதும். இவற்றுக்கு ஆம் என்றால் அவர் கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்தாலும் நடுவில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். இல்லை என்றால், அவருக்கு ஊர் தரவேண்டியது சாமியார் பட்டத்தை அல்ல. கூப்பிட்டு ஒரு பொறுப்பை.