பனித்தளச் சறுக்கலும் பாத நோவும்

மனிதனுடைய ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. மூட்டுகளும் தசைநார்களும் தசைநாண்களும் அவற்றைப் பிணைத்து நிற்கின்றன. மண்ணில் நடப்பதற்கும் ஓடுவதற்கும் இயற்கை வகுத்த இவ்வுறுப்பை, எளிதில் வளையாத தடித்த சப்பாத்தினுள் இட்டு இறுகக் கட்டி, சுமார் 4 மில்லிமீற்றர் அகலமே உள்ள உருக்கு அலகொன்றின் மீது நிறுத்தி, பனிக்கட்டித் தரையிலே வளைந்தோடவும் சுழலவும் துள்ளி இறங்கவும் செய்வதே ஃபிகர் ஸ்கேற்றிங் எனப்படும் சறுக்கு நடனம். அழகு மிக்க இக்கலையைப் பயில்வோர் அடிக்கடி கூறும் முறைப்பாடு, "கால் நோகின்றது" என்பதாகும்.

நீர் உறையாத நம் நாட்டில் இது தூரத்து விடயமாகத் தோன்றலாம். ஆனால், கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறிய நம்மவரின் பிள்ளைகளுக்குப் பனித்தளம் விளையாட்டு முற்றமாகிவிட்டது. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருள் சிலர் வேலியோரம் நின்று பார்ப்பதோடு அமையாது, நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் தாமும் சப்பாத்துக் கட்டித் தளத்தில் இறங்குகின்றனர். அவர்களுக்கும், அவர்களைப் போன்று பொழுதுபோக்காகச் சறுக்கும் எவருக்கும் பயன்படக்கூடிய சில செய்திகளை இப்பேச்சில் எடுத்துக்கூற விழைகின்றேன்.

போட்டிகளிற் பங்குபற்றும் வீரருக்குப் பயிற்சியாளரும் வைத்தியரும் சப்பாத்தைச் சீர்செய்யும் வினைஞரும் பக்கத்திலே இருப்பர். பொழுதுபோக்காகச் சறுக்குபவருக்கோ வாரத்தில் ஓரிரு மணித்தியாலமே கிடைக்கின்றது. பத்து நிமிடத்துக்குள் பாதம் நோகத் தொடங்கினால், மீதி நேரம் வாங்கிலே அமர்ந்து நாடாவை அவிழ்ப்பதிலும் கட்டுவதிலும் கழிந்துவிடும். இந்நிலையில் இரண்டு தவறான எண்ணங்கள் தோன்றுகின்றன. "நோவு இவ்விளையாட்டின் இயல்பு, பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்பது ஒன்று. "நமக்கு வயதாகிவிட்டது; இது நமக்கு ஏற்றதன்று" என்பது மற்றொன்று. முதலாவது எண்ணம் சிறு குறையைப் பெருங்காயமாக வளர்க்கின்றது. இரண்டாவது எண்ணம், நீக்கக்கூடிய குறையொன்றுக்காக ஒரு மகிழ்ச்சியையே கைவிடச் செய்கின்றது. நோவு எவ்விடத்தில், எந்நேரத்தில், எவ்வாறு உண்டாகின்றது என்று கவனித்தால், அதன் காரணம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

முதலிற் சப்பாத்தை நோக்குவோம். முற்காலத்தில் மக்கள் தாம் அணியும் சாதாரண சப்பாத்தின் அடியில் அலகை வாரினாற் கட்டிச் சறுக்கினர். 1860-களில் ஐரோப்பாவுக்குச் சென்று புகழ்பெற்ற அமெரிக்க நடனக்கலைஞர் ஜக்சன் ஹெயின்ஸ், அலகைச் சப்பாத்துடனேயே பொருத்திச் சறுக்கினார். பாதமும் அலகும் ஒன்றுபோல் இயங்கியதால், துள்ளல்களும் சுழற்சிகளும் அவருக்கு எளிதாயின. இன்றைய சப்பாத்தும் அந்த வழியில் வந்ததே. பாதத்தின் ஒவ்வோர் அசைவும் அலகுக்குச் செல்வதைப்போல, சப்பாத்தில் உள்ள ஒவ்வொரு குறையும் பாதத்துக்கு வந்து சேர்கின்றது.

அளவிலே நேரும் தவறு மிகப் பொதுவானது. தெருவில் அணியும் சப்பாத்தின் இலக்கத்தையே கேட்டு வாங்குவோர் பலர். சறுக்கற் சப்பாத்து அதனினும் இறுக்கமாகப் பொருந்த வேண்டுவது. எனவே அவர்கள் வாங்குவது பெரும்பாலும் பெரிதாக அமைந்துவிடுகின்றது. பெரிய சப்பாத்தினுள் பாதம் முன்னும் பின்னும் வழுக்கும். அதனைத் தடுக்க விரல்கள் தாமாகவே மடங்கி அடித்தோலைப் பற்றும். அப்பிடியினால் உள்ளங்கால் வளைவிலே தசைப்பிடிப்பு உண்டாகும். சறுக்குபவர் அதைச் சப்பாத்தின் இறுக்கத்தால் வந்த நோவென்று எண்ணி நாடாவைத் தளர்த்துவார். நோவு மேலும் கூடும். ஆகவே நின்ற நிலையிற் பாதத்தை அளந்து, நீளத்தோடு அகலத்தையும் பார்த்து வாங்குதல் வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடலாம். முழங்காலை மடித்தால் அது சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிக்கால் மேலெழக் கூடாது. காலுறை மெல்லியதாக ஒன்றே போதும். இரண்டு தடித்த காலுறைகள் பொருந்தாத சப்பாத்தைப் பொருந்தச் செய்யா.

சப்பாத்தின் விறைப்பும் கவனிக்கத்தக்கது. மும்முறை சுழன்று துள்ளுவோருக்காகச் செய்யப்பட்ட சப்பாத்து, காற்றில் ஒருமுறை மட்டும் சுழலக் கற்பவருடைய கணுக்காலை மடியவிடாது. விலை உயர்ந்ததே சிறந்தது எனக் கருதி அதனை வாங்குவோர், பணம் கொடுத்து நோவையும் வாங்குகின்றனர். மாறாக, வாடகைக்குக் கிடைக்கும் பழைய சப்பாத்து கணுக்காலிற் தளர்ந்து உட்புறம் சாயும். அதுவும் பாதத்தை வருத்தும். தம் தேர்ச்சிக்கும் உடல் எடைக்கும் ஏற்ற விறைப்பைத் தெரிவுசெய்வதே முறை.

புதிய சப்பாத்து பழகும்வரை ஓரளவு நோகத்தான் செய்யும். முதல் நாட்களில் அரைமணி நேரத்துக்குமேல் அணியாமலும், மேற்கொளுவிகளிற் சிலவற்றைக் கட்டாமலும் பழகலாம். வெப்பத்தால் இளக்கிப் பாதத்தின் வடிவுக்கு அமைக்கத்தக்க சப்பாத்துகளும் உள. எலும்பு துருத்தும் இடத்தில் மட்டும் தோலைத் தள்ளி இடங்கொடுக்கும் கருவிகள் நல்ல கடைகளிலே இருக்கின்றன. பழகும் நோவு நாளுக்கு நாள் குறையும். பல வாரங்கள் கழிந்தும் ஒரே இடத்தில் அதே நோவு நிலைத்திருந்தால், பொறுமை பயனற்றது. சப்பாத்தைத் திருத்த வேண்டும்.

அடுத்து நோவின் இடத்தைப் பார்ப்போம். கணுக்காலின் முன்பக்கம், சப்பாத்து மடியும் இடத்தில் எரிவும் வீக்கமும் கண்டால், பாதத்தை மேலே தூக்கும் தசைநாண் நாடாவினால் நசுங்குகின்றது என அறியலாம். சப்பாத்தின் நாக்கை நடுவே நேராக அமைத்து, மெத்தென்ற பஞ்சுத் தட்டொன்றை வைத்து, அவ்விடத்தில் நாடாவை இறுக்காது விடுதல் நன்று. பொதுவாக நாடா விரற்பக்கத்தில் இளக்கமாகவும், குதிக்காலைப் பின்னே நிறுத்தும் கணுக்கால் வளைவில் உறுதியாகவும், மேலே முழங்கால் மடியத்தக்க அளவிலும் இருக்க வேண்டும். பத்து நிமிடம் சறுக்கியபின் பாதம் சூடேறிச் சற்றுப் பருக்கும். அப்போது ஒருமுறை அவிழ்த்துக் கட்டுவது நல்ல பழக்கம்.

குதிக்காலின் பின்புறம் எலும்பு புடைத்து நோவதை, சுவீடன் நாட்டு வைத்தியர் பற்றிக் ஹக்லண்ட் 1928-இல் விவரித்தார். வளையாத சப்பாத்தின் பின்விளிம்பு உராய்வதே இதனைத் தூண்டுவது. கணுக்காலின் இருபுறமும் எலும்பின்மேல் நீர்ப்பை வீங்குவதும் இத்தகையதே. இவற்றுக்கு நோகும் இடத்தின் மேலேயே தட்டு வைப்பது அழுத்தத்தைக் கூட்டும். நடுவில் துளையுள்ள வளையம் போன்ற தட்டை வைத்தால், அழுத்தம் சுற்றிலும் பரவிப் புடைப்பு தப்பும். மூன்றாம் நான்காம் விரல்களுக்கிடையே எரிவும் மரத்துப்போதலும் தோன்றினால், அங்குள்ள நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். அமெரிக்க வைத்தியர் தோமஸ் மோர்ற்றன் 1876-இல் விவரித்த இந்நோய்க்கு முன்பாதத்தில் அகலமான சப்பாத்தே முதற் பரிகாரம். காலையிற் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியிலே குதிக்காலின் அடிப்புறம் குத்தினால், உள்ளங்காலைத் தாங்கும் தடித்த இழையம் நலிந்துள்ளது என ஐயுறலாம்.

சப்பாத்து நன்றாகப் பொருந்தியும் உள்ளங்கால் நோகுமாயின் அலகைச் சோதிக்க வேண்டும். அலகு சிறிது உள்ளேயோ வெளியேயோ தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தால் கணுக்கால் ஒரு பக்கம் சாயும். அதை நேர்நிறுத்த முயன்று பாதத் தசைகள் களைத்துவிடும். முதலிற் சில ஆணிகளால் மட்டும் தற்காலிகமாகப் பொருத்தி, சறுக்கிப் பார்த்தபின் நிரந்தரமாக்குவது இதனாலேயே. மழுங்கிய அலகும் பனியைப் பற்றாது. அச்சத்தினால் விரல்கள் மடங்கும். மீண்டும் தசைப்பிடிப்பு வரும்.

இதுவரை கூறியவை திருத்தத்தக்க குறைகள். சறுக்குவதையே நிறுத்த வேண்டிய நோவும் ஒன்றுண்டு. துள்ளி ஒற்றைக் காலில் இறங்கும்போது, உடல் எடையைப் போற் பல மடங்கு விசை அக்காலிலே தாக்குகின்றது. அது மீண்டும் மீண்டும் நிகழ்வதால் எலும்பில் மயிரிழை போன்ற நுண்முறிவு தோன்றலாம். ஒரு விரலாற் சுட்டிக்காட்டத்தக்க ஓரிடத்தில் எலும்பு நோகும். சறுக்கச் சறுக்கக் கூடும். நாட்செல்ல நடக்கும்போதும் ஓய்விலும் தொடரும். தொடக்கத்தில் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் அது தெரியாமற் போகவும் கூடும். ஆகவே "படத்தில் ஒன்றுமில்லை" என்ற ஆறுதலோடு மீண்டும் தளத்தில் இறங்கலாகாது. நோவு தொடருமாயின் வைத்தியரிடம் திரும்பச் செல்ல வேண்டும். புகழ்பெற்ற அமெரிக்க வீராங்கனை மிஷெல் குவானுக்கு 1997-இல் இடது பாத விரலில் இத்தகைய முறிவு ஏற்பட்டது. அவர் இடையில் ஓய்வெடுத்தார். பின்னர் 1998 நாகனோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் ஆண்டிலேயே அவர் ஓய்வெடுக்கக்கூடுமாயின், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சறுக்கும் நமக்கு அவசரம் எதற்கு?

நோவடக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சறுக்குவது, வீட்டில் எரிநாற்றம் வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்வதற்கு ஒப்பாகும். நீரிழிவு உள்ளவர்கள் மேலும் கவனமாயிருத்தல் வேண்டும். அவர்களுடைய பாதத்தில் உணர்ச்சி குன்றியிருந்தால், கொப்புளமோ புண்ணோ உண்டானாலும் நோவு தெரியாது. புதிய சப்பாத்து அணியுமுன் வைத்தியரைக் கேட்பதும், ஒவ்வொரு முறையும் கழற்றியபின் பாதத்தைக் கண்ணாற் பார்ப்பதும் அவர்களுக்கு இன்றியமையாதவை.

பாதத்தை வலிமைப்படுத்தும் பயிற்சிகள் வீட்டிலேயே செய்யத்தக்கன. தரையில் விரித்த துவாயை விரல்களாற் சுருட்டி இழுத்தல், ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்றல், படியின் விளிம்பில் நின்று குதிக்காலைத் தாழ்த்திக் கெண்டைக்காற் தசையை நீட்டுதல், நீர் உறைந்த போத்தலொன்றை உள்ளங்காலின் கீழ் உருட்டுதல் என்பன எளியவை. தளத்தில் இறங்குமுன் ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்குவதும் நன்று.

நோவு கண்டபோது ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய முடியாது. முதலில் நாடாவைத் திருத்திப் பாருங்கள். அதனாற் தீராவிடில் தட்டு வைத்துப் பாருங்கள். பின்னர் சப்பாத்தையும் அலகையும் நன்கறிந்த வினைஞரிடம் காட்டுங்கள். எலும்பு நோகுமாயின், பாதம் மரத்திருக்குமாயின், அல்லது நோவு வீடுவரை தொடர்ந்து வருமாயின் இவ்வரிசையை விடுத்து நேரே வைத்தியரிடம் செல்லுங்கள். அவரிடம் செல்லும்போது சறுக்கற் சப்பாத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பாதத்தைப் பார்க்கும் வைத்தியர், அப்பாதம் எதனுள் அடைபட்டு உழைக்கின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும்.